வாகன விபத்துக்குப் பிறகு காப்பீட்டு நிறுவனத்திடம் உரிய இழப்பீட்டைப் பெறுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

காப்பீட்டு நிறுவனத்தில் உங்கள் கோரிக்கையை முடிவு செய்யும் அதிகாரி விபத்தைப் பார்த்தவர் அல்லர். காவல் நிலையத்திலும் மருத்துவமனையிலும் ஒர்க்‌ஷாப்பிலும் எழுதப்பட்ட காகிதங்களை வைத்தே அவர் முடிவெடுக்கிறார். அந்தக் காகிதங்களில் பெரும்பாலானவை, பாதிக்கப்பட்டவரும் குடும்பத்தாரும் நிதானமிழந்து நிற்கும் முதல் சில நாட்களிலேயே எழுதப்பட்டுவிடுகின்றன. பின்னர் எவ்வளவு திறமையான வழக்கறிஞரை அமர்த்தினாலும் அப்போது விழுந்த ஒரு தவறான வரியை மாற்றுவது கடினம். ஆகவே இந்த வழிகாட்டியில் தொடக்க நாட்களுக்கே அதிக இடம் தந்திருக்கிறேன். இங்கே சொல்லப்படும் சட்டங்கள் இந்தியா முழுமைக்கும் பொருந்துபவை. நடைமுறை விவரங்கள் தமிழ்நாட்டுக்கு உரியவை.

கையில் இருப்பது எந்தப் பாலிசி?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 146-ஆம் பிரிவின்படி ஒவ்வொரு வாகனத்துக்கும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். நம் வாகனத்தால் பிறருக்கு நேரும் காயத்துக்கும் உயிரிழப்புக்கும் பொருட்சேதத்துக்கும் மட்டுமே அது பொறுப்பேற்கும். நம் வாகனத்தின் சேதத்துக்குப் பணம் கிடைக்க வேண்டுமானால் சொந்தச் சேதக் காப்பீடும் சேர்ந்த பேக்கேஜ் பாலிசி வேண்டும். இவை இரண்டும் போக, உரிமையாளரே ஓட்டும்போது உயிரிழந்தால் அல்லது நிரந்தர ஊனமுற்றால் 15 லட்சம் ரூபாய் தரும் தனிநபர் விபத்துக் காப்பீடு என்று மூன்றாவதாக ஒன்று உண்டு; அதைக் கடைசியில் விரிவாகப் பார்க்கலாம்.

புது வண்டி வாங்கியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2018 செப்டம்பருக்குப் பிறகு விற்கப்படும் புதிய இருசக்கர வாகனங்களுக்கு ஐந்து ஆண்டுகளுக்கும், கார்களுக்கு மூன்று ஆண்டுகளுக்கும் மூன்றாம் நபர் காப்பீடு சேர்த்தே தரப்படுகிறது. ஆனால் சொந்தச் சேதப் பகுதி பல பாலிசிகளில் முதல் ஆண்டோடு முடிந்துவிடும். 'ஐந்து வருஷத்துக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது' என்ற நம்பிக்கையில் இரண்டாம் ஆண்டைப் புதுப்பிக்காமல் விட்டவர்கள், விபத்துக்குப் பிறகுதான் தங்கள் வண்டிச் சேதத்துக்கு எதுவும் கிடைக்காது என்பதை அறிகிறார்கள். பாலிசியில் இந்தப் பகுதிகளின் காலாவதித் தேதிகள் தனித்தனியாக அச்சிடப்பட்டிருக்கும். இன்றே எடுத்துப் பாருங்கள்.

விபத்து நடந்த இடத்தில்

முதல் வேலை காயமடைந்தவரைக் காப்பாற்றுவது. 108 ஆம்புலன்ஸையும், தேசிய நெடுஞ்சாலையானால் 1033 எண்ணையும் அழையுங்கள். காயமடைந்தவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வதும், இடத்தில் காவலர் இல்லையென்றால் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தெரிவிப்பதும், காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தகவல் தருவதும் ஓட்டுநரின் சட்டக் கடமைகள் என்று 134-ஆம் பிரிவு கூறுகிறது. உதவ முன்வருகிறவர்களுக்கு 134-ஏ பிரிவு பாதுகாப்பு அளிக்கிறது. எனவே வழிப்போக்கர் எவரும் அஞ்சத் தேவையில்லை.

தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், திட்டத்தில் இணைந்த தனியார் மருத்துவமனைகளிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கேட்கக் கூடாது. மத்திய அரசு 2025 மே மாதம் அறிவிக்கை செய்த திட்டத்தின்படி, விபத்து நாளிலிருந்து ஏழு நாட்கள் வரை ஒன்றரை லட்சம் ரூபாய்க்குக் கட்டணமில்லாச் சிகிச்சை உண்டு. மருத்துவமனை வரவேற்பு மேசையில் இந்த இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

வாகனங்களை நகர்த்துவதற்கு முன் படம் எடுக்க வேண்டும். இரு வாகனங்களின் எண் பலகைகள், அவை நின்ற நிலை, டயர் தேய்ந்த தடம், சாலையின் அகலம், அருகிலுள்ள கடைப் பெயர்ப் பலகை அல்லது கிலோமீட்டர் கல் ஆகியவை தெரியும்படி தள்ளி நின்று சிலவும், சேதத்துக்கு நெருக்கமாகச் சிலவும் எடுங்கள். எதிர் வாகனத்தின் எண்ணை மத்திய அரசின் எம்பரிவாகன் செயலியில் போட்டால் அதன் காப்பீட்டு நிறுவனமும் காப்பீடு எதுவரை செல்லும் என்பதும் தெரிந்துவிடும். அருகில் கண்காணிப்பு கேமரா இருந்தால் அன்றைக்கே கடைக்காரரிடம் சொல்லிப் பதிவைக் காக்கச் செய்யுங்கள். பல கேமராக்களில் பழைய பதிவு சில நாட்களிலேயே அழிந்து புதியது ஏறிவிடும்.

'பேசி முடித்துக்கொள்ளலாம்' என்று யாராவது சொல்வார்கள். கீறலும் நசுங்கலும் மட்டும் என்றால் அதில் தவறில்லை. ஒருவருக்கு அடிபட்டிருந்தால், வெளியே காயம் தெரியாவிட்டாலும், அந்த இடத்தில் பணம் வாங்கிக்கொண்டு எதையும் எழுதிக் கொடுக்காதீர்கள். தலையில் பட்ட அடி மறுநாள் வேலையைக் காட்டலாம்.

அடிப்பாகத்தில் கல் இடித்து என்ஜின் ஆயில் ஒழுகும் வண்டியை வீடு வரை ஓட்டிவந்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். உடைந்த ஆயில் சம்புக்கு நிறுவனம் பணம் தரும். ஆனால் ஆயில் இல்லாமல் ஓட்டியதால் என்ஜின் இறுகிப்போனால், அது விபத்தின் நேரடிச் சேதம் அல்ல என்று மறுத்துவிடும். வெள்ளத்தில் நின்ற வண்டியைச் சாவி போட்டுக் கிளப்பிப் பார்ப்பதும் இதே வகைதான். டோ செய்தே கொண்டுபோங்கள்.

மருத்துவமனைப் பதிவேடும் எஃப்.ஐ.ஆரும்

அரசு மருத்துவமனையில் விபத்துக் காயத்தோடு வருபவருக்கு விபத்துப் பதிவேட்டில் ஒரு பதிவு போடப்படும், ஏ.ஆர். காப்பி என்று எல்லோரும் சொல்வது இதன் நகலைத்தான். எந்த நேரத்தில், எந்த இடத்தில், எந்த வாகனம் மோதி, யார் அழைத்துவந்தார் என்று மருத்துவர் இரண்டு மூன்று வரிகளில் எழுதுவார். அடிபட்டவர் நினைவிழந்திருந்தால் உடன் வந்தவர் சொல்வதே அங்கே ஏறும். என்ன நடந்தது என்றே தெரியாத ஒருவர் 'வண்டியிலிருந்து விழுந்துவிட்டார்' என்று சொன்னால், தானாக விழுந்தார் என்று பதிவாகும். பின்னர் எஃப்.ஐ.ஆரில் லாரி மோதியது என்று வரும்போது, இழப்பீட்டைத் தவிர்க்க நிறுவனத்தின் வழக்கறிஞர் முதலில் எடுத்து நீட்டும் காகிதம் இதுவாகத்தான் இருக்கும்: 'முதலில் தானாக விழுந்ததாகச் சொன்னவர்கள், பிறகு காப்பீடு உள்ள வாகனத்தைத் தேடிப்பிடித்துச் சேர்த்துவிட்டார்கள்' என்பது அவருடைய வாதம். மது வாடை இருந்தது என்று மருத்துவர் குறித்திருந்தாலும் அது கடைசி வரை பின்தொடரும். எனவே உடன் செல்பவர் தெரிந்ததை மட்டும் சொல்ல வேண்டும். தெரியாவிட்டால் 'சாலை விபத்து, விவரம் தெரியாது' என்று சொல்வதே சரி. வாகன எண் தெரிந்திருந்தால் அதை மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லி எழுதச் செய்யுங்கள்.

காவல் நிலையத்தில் கொடுக்கும் புகாரும் அப்படியே. தேதி, நேரம், இடம், சென்ற திசை, மோதிய வாகனத்தின் எண், எப்படி மோதியது, கண்டவர் யார் என்பவை இருக்க வேண்டும், ஊகம் கூடாது. மனு ரசீதான சி.எஸ்.ஆரோடு திரும்பிவிடாதீர்கள். காயமோ உயிரிழப்போ இருந்தால் எஃப்.ஐ.ஆர். அவசியம், அதன் நகலைப் புகார்தாரர் கட்டணமின்றிப் பெறலாம். புகார் கொடுக்கத் தாமதமானால் ஏன் தாமதம் என்பதையும், அதாவது சிகிச்சையில் இருந்ததையோ அறுவைச் சிகிச்சை நடந்ததையோ, புகாரிலேயே ஒரு வரி எழுதுங்கள். பிறகு மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை, பார்வை மகசர் (விபத்து இடத்தை நேரில் பார்த்துக் காவலர் எழுதும் குறிப்பு), மாதிரி வரைபடம், காயச் சான்றிதழ், குற்றப்பத்திரிகை ஆகியவற்றின் நகல்களைப் பெற வேண்டியிருக்கும்.

2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி காவல்துறை 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையையும், 50 நாட்களுக்குள் இடைக்கால அறிக்கையையும், 90 நாட்களுக்குள் விரிவான அறிக்கையையும் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அனுப்ப வேண்டும். உச்ச நீதிமன்றமும் 2022 டிசம்பரில் கோஹர் முகமது வழக்கில் இதை வலியுறுத்தியிருக்கிறது. விசாரணை அதிகாரியிடம் இந்த அறிக்கைகள் அனுப்பப்பட்டனவா என்று எழுத்து மூலம் கேட்கப் பாதிக்கப்பட்டவருக்கு எல்லா உரிமையும் உண்டு.

நிறுவனத்துக்குத் தகவலும் வாக்குமூலமும்

அன்றைக்கோ மறுநாளோ இலவச எண்ணில் அழைத்துக் கோரிக்கை எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே பாலிசியிலுள்ள மின்னஞ்சலுக்கும் அதே விவரத்தை எழுதுங்கள். தொலைபேசியில் எது பேசினாலும், பேசியவர் பெயரையும் பேசிய விஷயத்தையும் அன்றே மின்னஞ்சலில் உறுதிப்படுத்தி அனுப்பும் பழக்கம் பின்னாளில் பெரிய பாதுகாப்பு. சிறிய சொந்தச் சேதங்களுக்குப் பொதுவாக எஃப்.ஐ.ஆர். தேவைப்படாது.

கோரிக்கைப் படிவத்தில் 'விபத்து நடந்த விதம்' என்ற கட்டத்தை ஒர்க்‌ஷாப் ஊழியர் நிரப்ப விடாதீர்கள். விரைவில் பாஸாக வேண்டும் என்று அவர் வழக்கமாக எழுதும் ஒரு வரியை எழுதிவிடுவார், அது எஃப்.ஐ.ஆரோடோ சேதத்தின் தன்மையோடோ ஒத்துப்போகாவிட்டால் பொய்த் தகவல் என்ற குற்றச்சாட்டு உங்கள் மீது வரும். வண்டியை ஓட்டியது யார் என்ற கேள்விக்கு உண்மை தவிர வேறு பதில் எழுதவே கூடாது. உரிமம் இல்லாத மகன் ஓட்டியதை மறைத்து அப்பா பெயரைப் போடுவது, கிடைக்காத பணத்தோடு குற்றவழக்கையும் சேர்த்துக் கொண்டுவரும்.

சர்வேயர் வந்ததும்

50,000 ரூபாய்க்கு மேற்பட்ட மோட்டார் சேதங்களை உரிமம் பெற்ற சர்வேயர் மதிப்பிட வேண்டும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024-இல் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் சர்வேயர் நியமிக்கப்பட வேண்டும். 15 நாட்களுக்குள் அறிக்கை வர வேண்டும். அதிலிருந்து 7 நாட்களுக்குள் நிறுவனம் முடிவைச் சொல்ல வேண்டும். சர்வேயர் பார்ப்பதற்கு முன் எதையும் கழற்றவோ சரிசெய்யவோ கூடாது. பிரித்துப் பார்த்த பிறகே தெரியும் உள்சேதத்துக்குத் துணை மதிப்பீடு கேளுங்கள். கழற்றிய பழைய பாகங்களை மறு ஆய்வு முடியும் வரை வைத்திருங்கள். சர்வேயர் அறிக்கையின் நகலையும் எழுதிக் கேட்டு வாங்கலாம்.

பில் 50,000 ரூபாய், நிறுவனம் ஏன் 40,000 மட்டும் தருகிறது என்று ஒர்க்‌ஷாப்பில் வாக்குவாதம் நடக்காத நாளில்லை. மூன்று ஆண்டு நான்கு மாதம் ஆன ஒரு சிறிய காரின் கணக்கை உதாரணமாகப் பார்ப்போம். முன் பம்பர் 8,000 ரூபாய். பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரி, டயர் ஆகியவற்றுக்கு வயது எதுவானாலும் 50 சதவீதம் தேய்மானம் என்பதால் 4,000 கழியும். பானெட் 14,000, உலோகப் பாகத்துக்கு மூன்று முதல் நான்கு ஆண்டுக்குள் 25 சதவீதம் என்பதால் 3,500 கழியும். முன் கண்ணாடி 9,000. கண்ணாடிக்குத் தேய்மானம் இல்லை. பெயின்டிங் 12,000, அதில் கால் பங்கான 3,000 பெயின்டின் விலையாகக் கொள்ளப்பட்டு அதில் பாதி, 1,500, கழியும். கூலி 7,000 முழுமையாகக் கிடைக்கும். கடைசியாக 1500 சிசி வரையுள்ள காருக்கு உரிமையாளர் ஏற்க வேண்டிய கட்டாயப் பங்கு 1,000. ஆக 10,000 கழிந்து 40,000 கிடைக்கிறது. வரியைச் சேர்க்காத கணக்கு இது. 'நில் டெப்' அல்லது 'பம்பர் டு பம்பர்' என்ற கூடுதல் காப்பீட்டை எடுத்திருந்தால் இந்தத் தேய்மானங்கள் கழியாது. உங்கள் பில்லிலும் வரிவரியாக இப்படிப் போட்டுப் பார்த்து, எந்த வரியில் கூடுதலாகக் கழித்திருக்கிறார்கள் என்று குறிப்பாகக் கேட்டால்தான் பதில் வரும்.

பழுதுபார்க்கும் செலவு காப்பீட்டு மதிப்பான ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டி முழுச் சேதமாகக் கொள்ளப்பட்டு ஐடிவி அடிப்படையில் தீர்க்கப்படும். அப்போது உடைந்த வண்டிக்கு நிறுவனம் போடும் மதிப்பைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்காதீர்கள். வேறு இருவரிடம் விலை கேளுங்கள். வண்டியை விற்றதும் ஆர்.சி. பெயர் மாறுவதை உறுதிசெய்யாவிட்டால் அடுத்த விபத்தின் பொறுப்பும் உங்கள் பெயரிலேயே நிற்கும். மிகச் சிறிய சேதத்துக்கு, அடுத்த ஆண்டு இழக்கப்போகும் நோ கிளைம் போனஸைக் (கோரிக்கை வைக்காதவருக்குப் பிரீமியத்தில் தரப்படும் தள்ளுபடி) கணக்கிட்டுவிட்டுக் கோருங்கள்.

மறுப்புக் கடிதம் வந்தால்

மறுப்பை எழுத்தில், பாலிசியின் எந்த நிபந்தனைப்படி என்ற குறிப்போடு கேளுங்கள். தாமதமாகத் தெரிவித்ததை மட்டுமே காரணம் காட்டி உண்மையான கோரிக்கையை இயந்திரத்தனமாக மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் ஓம் பிரகாஷ் வழக்கில் கூறியுள்ளது. இலகுரக வாகன உரிமம் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு அல்லது பயணிகள் வாகனத்தை ஓட்டியது தவறல்ல என்று 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வு உறுதிசெய்திருக்கிறது. டாடா ஏஸ் போன்ற வண்டி வைத்திருப்பவர்களிடம் 'பேட்ஜ் இல்லை' என்று சொல்லப்படும் மறுப்புக்கு இது நேரடிப் பதில்.

குறைந்த தொகைக்கு 'முழுமையான, இறுதியான தீர்வு' என்று வவுச்சரில் கையெழுத்துக் கேட்டால், ஆட்சேபணையுடன் பெறுகிறேன் என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். அதை ஏற்காவிட்டால் அன்றே மின்னஞ்சலில் ஆட்சேபணையைப் பதிவுசெய்யுங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலர், பிறகு ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா தளம் அல்லது 155255 என்ற எண். அங்கும் தீராவிட்டால் காப்பீட்டு ஆம்புட்ஸ்மேன் எனப்படும் குறைதீர்ப்பாளர். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில் உள்ளது. 50 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் வழக்கறிஞரும் இல்லாமல் முறையிடலாம். நிறுவனத்தின் இறுதிப் பதிலிலிருந்து ஓராண்டுக்குள் செல்ல வேண்டும். அதற்குப் பதிலாக மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால் இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. பாலிசிதாரருக்கு உரிய வழிகள் இவை. எதிர் வாகனத்தின் நிறுவனத்திடம் இழப்பீடு கேட்பவர் தீர்ப்பாயத்துக்கே செல்ல வேண்டும்.

காயமும் உயிரிழப்பும்

மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுவை விபத்து நடந்த இடத்தில் மட்டுமல்லாமல், நீங்கள் வசிக்கும் இடத்திலும் தாக்கல் செய்யலாம். 166-ஆம் பிரிவின்படி விபத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். இந்த வரம்பு உச்ச நீதிமன்றத்தில் எதிர்க்கப்பட்டிருந்தாலும் அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். தவறு யாருடையது என்று நிரூபிக்காமலே உயிரிழப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் பெற 164-ஆம் பிரிவு வழி தருகிறது. மோதிய வாகனம் தெரியாமலே போய்விட்டால் 161-ஆம் பிரிவின்படி உயிரிழப்புக்கு 2 லட்சமும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் உண்டு. மோதியது அரசுப் போக்குவரத்துக் கழகப் பேருந்தாக இருந்தால் பெரும்பாலும் காப்பீட்டு நிறுவனம் இராது, கழகமே எதிர்மனுதாரர். தொகையைக் கட்டாத கழகத்தின் பேருந்துகளை நீதிமன்ற ஊழியர்கள் ஜப்தி செய்வது நம் ஊர்ச் செய்திகளில் அடிக்கடி வருவதே.

நிறுவனமோ அதன் பிரதிநிதியோ சமரசத் தொகை ஒன்றைச் சொல்லும்போது, அது நியாயமா என்று குடும்பமே கணக்கிட முடியும். 32 வயதுத் தச்சர், மாத வருமானம் 15,000 ரூபாய், மனைவி, இரு குழந்தைகள், தாயார் என நால்வர் அவரைச் சார்ந்தவர்கள் என்று கொள்வோம். சுயதொழில் செய்யும் 40 வயதுக்குட்பட்டவருக்கு எதிர்கால வருமான உயர்வாக 40 சதவீதம் சேர்க்க வேண்டும் என்பது 2017-இன் பிரணய் சேத்தி தீர்ப்பு, எனவே 21,000. நான்கு முதல் ஆறு பேர் சார்ந்திருந்தால் அவருடைய சொந்தச் செலவாகக் கால் பங்கு கழித்து 15,750. ஆண்டுக்கு 1,89,000. 31 முதல் 35 வயது வரை, இந்த ஆண்டுத் தொகையைப் பெருக்க வேண்டிய எண் 16 என்பது 2009-இன் சரளா வர்மா தீர்ப்பு. ஆக 30,24,000 ரூபாய். இதற்கு மேல் வாழ்க்கைத் துணையை இழந்ததற்கு 40,000, ஈமச்சடங்குக்கு 15,000, இறந்தவர் சேர்த்திருக்கக்கூடிய சொத்தின் இழப்புக்கு 15,000 என்ற அடிப்படைத் தொகைகள் மூன்றாண்டுக்கு ஒருமுறை 10 சதவீதம் உயர்த்திச் சேர்க்கப்படும். கையில் உடனே கிடைக்கிறது என்று பத்து லட்சத்துக்குச் சம்மதிக்கும் குடும்பம் எதை விட்டுக்கொடுக்கிறது என்பது இந்தக் கணக்கைப் போட்டால் தெரியும். மக்கள் நீதிமன்றத்தில் முடித்துக்கொள்வதால் ஆண்டுக்கணக்கான காத்திருப்பு மிச்சம். ஆனால் அங்கே கையெழுத்திட்ட தீர்வுக்கு மேல்முறையீடு கிடையாது. தீர்ப்பாயத்தின் தீர்ப்பை எதிர்த்து 90 நாட்களுக்குள் உயர் நீதிமன்றம் செல்லலாம்.

சம்பளச் சீட்டு இல்லாத தச்சர், கொத்தனார், பூக்கட்டுபவர் ஆகியோரின் வருமானத்தை நிறுவனம் எப்போதும் குறைத்தே சொல்லும். வங்கிக் கணக்கு, யுபிஐ வரவு, நலவாரிய அட்டை, வேலை கொடுத்தவரின் சாட்சியம் என எது இருந்தாலும் திரட்டுங்கள். காயமடைந்தவர் மருந்துக் கடைச் சீட்டு முதல் ஆட்டோ வாடகை வரை அனைத்தையும் தேதிவாரியாக வைத்து, சிகிச்சை முடிந்ததும் மருத்துவக் குழுவிடம் ஊனச் சான்றிதழ் பெற வேண்டும். மருத்துவமனை வளாகத்திலேயே வந்து வெற்று வக்காலத்தில் கையெழுத்துக் கேட்கும் இடைத்தரகர்களை அண்டவிடாதீர்கள். இழப்பீட்டை உரியவரின் வங்கிக் கணக்கிலேயே நேரடியாகச் செலுத்தும் முறையை உச்ச நீதிமன்றம் 2025-இல் வலியுறுத்தியிருப்பதால், பணம் வேறொருவர் கைவழியாக வரத் தேவையில்லை.

கேட்கப்படாமலே போகும் 15 லட்சம்

மரத்தில் மோதியோ, நாய் குறுக்கே வந்து சறுக்கியோ, தன் வண்டியைத் தானே ஓட்டி இறந்தவரின் குடும்பத்தினரிடம் 'எதிர் வண்டி இல்லை, அதனால் எதுவும் கிடைக்காது' என்று ஊரே சொல்லும். அவர் பாலிசியிலேயே, வருடா வருடம் பிரீமியம் கட்டிய உரிமையாளர்-ஓட்டுநர் விபத்துக் காப்பீடு இருந்திருக்கலாம். இதைக் கேட்காமலே விட்டுவிடும் குடும்பங்களை நினைத்தால் மனம் ஆறுவதில்லை. ஆர்.சி. அவர் பெயரில் இருக்க வேண்டும். செல்லுபடியாகும் உரிமம் இருந்திருக்க வேண்டும். மது அருந்தியிருக்கக் கூடாது. உயிரிழப்புக்கும், இரு கைகால் அல்லது இரு கண் இழப்புக்கும் முழுத் தொகை. ஒரு கை, ஒரு கால் அல்லது ஒரு கண் இழந்தால் பாதி. எதிர் வாகனத்தின் மீது வழக்கு நடந்துகொண்டிருந்தாலும் இதைத் தனியே கோரலாம்.

பாலிசிக் காகிதம் கிடைக்காவிட்டால் வண்டி எண்ணைக் கொண்டு எம்பரிவாகனில் நிறுவனத்தின் பெயரைக் கண்டறிந்து, பாலிசி நகலை எழுதிக் கேளுங்கள். 2019 ஜனவரி முதல் இந்தக் காப்பீட்டைத் தனிப் பாலிசியாகவும் எடுக்க முடிகிறது என்பதால், அவருடைய வேறொரு வண்டியின் பாலிசியையும் மின்னஞ்சல் பெட்டியையும் தேடிப் பாருங்கள். இறப்புச் சான்றிதழ், பிரேதப் பரிசோதனை அறிக்கை, எஃப்.ஐ.ஆர்., உரிமம், ஆர்.சி., வாரிசுச் சான்றிதழ், நியமனதாரரின் வங்கி விவரம் ஆகியவற்றின் நகல்களோடு நிறுவனத்தின் கிளை அலுவலகத்தில் நேரில் கொடுத்து, உங்கள் பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். காரியங்கள் முடிந்து பல மாதம் கழித்துத்தான் விவரம் தெரியவந்தது என்றால், அதையும் விண்ணப்பத்திலேயே எழுதிக் கொடுங்கள்.